சேலத்திலும் இல்லை, தென்னாற்காட்டிலும் இல்லை

வரைபடம் வரைவது என் பிழைப்பு. திசை தெரியாதது என் பிறவிக் குணம். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடச் சுவர்களில் மாட்டும் படங்களை அச்சடிக்கும் ஒரு சென்னைக் கம்பெனியில் பல வருடம் குப்பை கொட்டினேன். வடக்கு எது என்று யாராவது கேட்டால் காகிதத்தின் மேல் பக்கத்தைக் காட்டுவேன். காகிதம் இல்லாத இடத்தில் கேட்டால் திருதிருவென்று முழிப்பேன்.

ஒரு நாள் எங்கள் முதலாளி இரண்டு படங்களைத் தரையில் விரித்து ஒட்டி வைத்தார். ஒன்று சேலம் மாவட்டம், மற்றொன்று தென்னாற்காடு மாவட்டம். இரண்டையும் சேர்த்து ஒரே பெரிய படமாகப் போட வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்திருந்தது. மற்ற இடங்களில் எல்லைக்கோடுகள் சமர்த்தாக ஒட்டிக்கொண்டன. கல்வராயன் மலையில் மட்டும் ஒட்டவில்லை. நடுவில் அவரைக்கொட்டை அளவுக்கு ஓர் இடைவெளி. சேலம் முடிந்துவிட்டது, தென்னாற்காடு இன்னும் தொடங்கவில்லை. அந்த அவரைக்கொட்டை யாருடையது என்று கேட்டுவர என்னை அனுப்பினார். வழக்கமாக வெளியூர் போகிறவருக்கு மஞ்சள்காமாலை. இல்லாவிட்டால் என்னை அனுப்பும் அளவுக்கு அவர் அசடு இல்லை.

வட மாவட்டங்களில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக நடந்துகொண்டிருந்த காலம் அது. இன்றைக்குச் சாலை இருக்கும், நாளைக்கு அதன் குறுக்கே மரம் கிடக்கும். நேர்வழி அடைபட்டதால் எங்கள் பேருந்து திருவண்ணாமலை பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து, மூங்கில்துறைப்பட்டுக்கு முன்னால் ஒரு புளியமரத்தின் எதிரில் நின்றது. மரம் படுத்திருந்தது. இலை இன்னும் வாடவில்லை. நடத்துநர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு பின் இருக்கையில் படுத்துவிட்டார். எப்போது கிளம்பும் என்று கேட்டதற்கு, மரத்தைத்தான் கேட்க வேண்டும் என்றார்.

என் கையில் படங்களைச் சுருட்டி வைத்த நீண்ட தகரக் குழாய் இருந்தது. மரத்தருகில் உட்கார்ந்திருந்த ஆட்களுக்கு அது சந்தேகத்தைக் கிளப்பியது. ஒருவர் எழுந்து வந்து அது இன்னா என்று விசாரித்தார். துப்பாக்கி இல்லை, படம் என்று சொல்லிப் பயத்தில் அங்கேயே திறந்து காட்டினேன். வெட்டிக் கிடந்த மரத்தின் மேலேயே விரித்தார்கள். எல்லாத் தலைகளும் குனிந்தன. கோபமாக இருந்தவர்கள் எல்லாம் ஒரு நிமிடத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். இதோ மணலூர்பேட்டை, இதோ பெண்ணையாறு, இதோ சர்க்கரை ஆலை என்று விரல்கள் ஓடின.

லுங்கியை மடித்துக் கட்டிய ஓர் இளைஞர் மட்டும் தேடிக்கொண்டே இருந்தார். அவருடைய ஊர் இல்லை. சின்ன ஊர்களை எழுத இடம் பற்றாது, எல்லாவற்றையும் எழுதினால் மையாகத்தான் தெரியும் என்று எங்கள் தொழில் நியாயத்தைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு மரத்தைப் பார்த்துச் சொன்னார்:

"படத்துலயே நாங்க இல்ல. அப்பறம் கணக்குல எங்க வரப்போறோம்?"

படத்தைச் சுருட்டி உள்ளே தள்ளினேன்.

அங்கிருந்து என்னைக் காப்பாற்றியது ஒரு கரும்பு டிராக்டர். ஆலையில் பாரத்தை இறக்கிவிட்டு வயல் பாதை வழியாக ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. பேருந்துப் பெண்கள் நாலைந்து பேர் காலி டிரெய்லரில் ஏறினோம். ஓட்டுநர் என்னிடம், "யக்கா, ஓரத்துல கம்பியப் புடிச்சிக்கினு குந்துங்க, நடுவுல குந்தினா இடுப்பு போயிடும்" என்றார். ஓரத்தில் உட்கார்ந்தேன். இடுப்பு போனது. தின்னக் கொஞ்சம் கரும்பும் கொடுத்தார். தெற்கே போகிறோம் என்று நான் திடமாக நம்பிக்கொண்டிருந்தபோது சூரியன் நேர் எதிரில் இறங்கியது.

கள்ளக்குறிச்சியில் தனியாக வந்த பெண்ணுக்கு அறை இல்லை என்று இரண்டு லாட்ஜுகளில் சொல்லிவிட்டார்கள். இரண்டாவது லாட்ஜின் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்த பாய் இதைக் கேட்டுக்கொண்டே புளி நிறுத்துக்கொண்டிருந்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கடைக்குப் பின்னால் இருந்த வீட்டைப் பார்த்து மனைவியைக் கூப்பிட்டு, ஆளு ஒருத்தர் ஜாஸ்தி என்று மட்டும் சொன்னார். அந்த அம்மாள் சுடுசோறும் கறி வறுவலும் ரசமும் போட்டார். எங்கள் நாகர்கோவிலில் தேங்காய் சேர்க்காத குழம்பை யாரும் மதிக்கமாட்டார்கள். அன்றைக்குத் தேங்காயின் நினைப்பே எனக்கு வரவில்லை.

மறுநாள் வருவாய்த்துறை அலுவலகம் போனேன். எந்த ஊர் அலுவலகம் என்று சொல்லமாட்டேன். அந்த அதிகாரி இப்போது பென்ஷன் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார். நல்ல மனிதர். தூங்கிப் பல நாள் ஆனவர்போல இருந்தார். சாலை மறியல் காவலுக்கு ஆட்கள் எல்லாம் போய்விட, பாதி நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. மலையில் மாவட்ட எல்லை எங்கே ஓடுகிறது என்று கேட்டேன். அவர் உற்சாகமாக எழுந்து பின்னால் இருந்த சுவர்ப் படத்தில் விரலை வைத்தார்.

படத்தின் மூலையில் எங்கள் கம்பெனி முத்திரை. எழுத்துகள் எல்லாம் என் கையெழுத்து.

"சார், இது நாங்க போட்ட படமாக்கும்" என்றேன்.

"அப்படிங்களா? நல்லா போட்டிருக்கீங்க."

"உங்க ஆபீஸ் படத்தைப் பார்த்துத்தான் நாங்க போட்டோம்."

"எங்க படத்தக் கரையான் தின்னுடுச்சிம்மா. அதனாலதான் இத வாங்கி மாட்டினோம்."

அவர் என்னைக் கேட்டுச் சொல்ல, நான் அவரைக் கேட்டு வரைய, நடுவில் ஒரு மலை நின்றுகொண்டிருந்தது. அவரும் குழம்பிவிட்டார் என்பதில் எனக்கு அற்ப சந்தோஷம் என்பதை மறைக்கமாட்டேன். அவர் சொல்லி ஒன்று மட்டும் தெரிந்தது. முன்பு மலையை ஜாகீர்தார்கள் சிலர் பிரித்து ஆண்டார்கள். அவர்கள் யாருக்கும் படம் கிடையாது. இந்த ஓடை வரை உனக்கு, அந்த முகடு வரை எனக்கு என்று வாய்ப்பேச்சுதான். ஜாகீர் போய் அரசாங்கம் வந்தபோது அந்த வாய்ப்பேச்சுத்தான் மாவட்ட எல்லையாயிற்று.

கடைக்குத் திரும்பினால் வாசலில் கடுக்காய் மூட்டைகளோடு தாயும் மகளுமாக இரண்டு பேர். பாய் மலையில் விளையும் கடுக்காய், தேன், புளி எல்லாம் வாங்குகிறவர். தாய் பெயர் மாரியாயி. மகள் செல்வி, வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்து முடித்தவள். நான் படம் போடுகிறவள் என்று பாய் சொன்னதும் அந்தப் பெண் மூட்டையை விட்டுவிட்டு என் எதிரில் வந்து நின்றாள்.

விஷயம் இதுதான். செல்விக்குக் கிராமச் செவிலியர் பயிற்சியில் இடம் கிடைத்திருந்தது. அந்த வாரம் முடிவதற்குள் பழங்குடி என்ற சாதிச் சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. இந்தப் பக்கத்து அலுவலகத்தில் கேட்டால் உங்கள் ஊர் சேலத்தில் இருக்கிறது என்றார்கள். மலையின் அந்தப் பக்கம் இறங்கிக் கேட்டால் இங்கே அப்படி ஓர் ஊரே இல்லை என்றார்கள். ஊரின் பெயர் கடுக்காம்பாடி. நான் தகரக் குழாயைத் திறந்து தேடினேன். செல்வி தேடவில்லை. பள்ளிக்கூடத்தில் அதே படம்தான் மாட்டியிருந்ததாம். படித்த காலமெல்லாம் தேடிப் பார்த்துவிட்டாளாம்.

அவரைக்கொட்டைக்குள் ஆள் இருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கீழே, எங்களுக்கும் ஒதுக்குங்கள் என்று கேட்டு மரத்தை வெட்டிச் சாலையில் போடுகிறார்கள். மேலே, சட்டமே ஒதுக்கிக் கொடுத்துவிட்ட ஒரு பெண்ணுக்கு அதை எந்த வாசலில் போய் வாங்குவது என்று தெரியவில்லை. என் வேலை எல்லையைக் கேட்டுவருவது. யாருக்கும் தெரியவில்லை என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு நான் அன்றே பேருந்து ஏறியிருக்கலாம். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையில் அது முடியவில்லை.

அதிகாரியிடம் திரும்ப ஓடினேன். அவர் தலையைத் தடவிக்கொண்டு யோசித்தார். ஊர் நம் எல்லைக்குள் இருக்கிறது என்று யாராவது கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்னால் கையெழுத்துப் போடத் தடை இல்லை. ஆனால் அனுப்புவதற்கு ஆள் இல்லையே, எல்லாரும் மரத்துக்குக் காவல் நிற்கிறார்களே என்றார். நான் போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என் திசை ஞானம் ஞாபகம் வந்தது.

அடுத்த நாள் காலையில் மூவரும் மலைப் பேருந்து ஏறினோம். வடக்கனந்தல் தாண்டும்வரை வயலும் கரும்பும். பிறகு பேருந்து முனகிக்கொண்டே வளைந்து வளைந்து ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் சூரியன் சன்னலை மாற்றிக்கொண்டது. மூன்றாவது வளைவுக்குப் பிறகு நான் திசையைக் கைகழுவிவிட்டேன். பாதி மலையில் வண்டி சூடேறி நின்றது. ஓட்டுநர் குடத்தை எடுத்துக்கொண்டு சுனையைத் தேடிப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் எங்களோடு வந்த கோழிகள் இரண்டு முட்டை இட்டுவிட்டன. கோழிக்காரர் இந்த இரண்டுக்கும் டிக்கெட் உண்டா என்று நடத்துநரைச் சீண்டினார்.

வெள்ளிமலையிலிருந்து நடை. போகும் வழியில் இதுதானே வடக்கு என்று நான் கை காட்டும்போதெல்லாம் செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். படம் போடுகிறவள் வழி தவறுவது அவளுக்கு நல்ல வேடிக்கை. மாரியாயி சிரிக்கவில்லை. எனக்காக மெதுவாக நடந்தார்.

கடுக்காம்பாடி என்பது ஒரு சரிவில் கூரை வீடுகள், முற்றத்தில் பலாமரங்கள், ஊர் நடுவில் மஞ்சள் பூசிய ஒரு கல். சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார்கள். மாவட்டங்களுக்கு நடுவில் கிடந்த என் அவரைக்கொட்டையையே தின்பதுபோல எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு குச்சிக்கிழங்கு என்று ஒன்றை அவித்து வைத்தார்கள். பார்த்தால் எங்கள் ஊர் மரச்சீனி. பெயர் மாறியிருந்தாலும் ருசி அப்படியே இருந்தது. பேராசையோடு தின்றேன்.

மறுநாள் விடிந்ததும் மாரியாயி என்னை ஊருக்குக் கீழே ஓடைக்கு அழைத்துப் போனார். செல்வியும் வந்தாள். ஓடைக்கு அந்தக் கரையில் ஏறியதும் பாதி விழுந்த கற்சுவர்கள், கரி படிந்த அடுப்புக் கற்கள், ஆளில்லாமல் காய்த்துத் தொங்கும் பலா. அதற்கு அப்பால் வரிசையாகக் கற்குவியல்கள். இது என்ன ஊர் என்று கேட்டேன்.

"இதுவும் கடுக்காம்பாடிதான்" என்றார் மாரியாயி.

பிறகு அவர் நிதானமாகச் சொன்னார். அவர் சின்னப்பெண்ணாக இருந்தபோது இந்தப் பழைய ஊரில் காய்ச்சல் வந்து வீட்டுக்கு வீடு ஆளைக் கொண்டுபோயிற்று. ஊர் கூடிப் பேசி ஓடையைத் தாண்டினார்கள். இவர்கள் பக்கத்தில் ஊர் மாறினால் சாமிக்கல்லைத் தூக்கிக்கொண்டு போவார்கள். கல் எங்கே நடப்படுகிறதோ, பெயரும் அங்கே போய்விடும். வெற்றிடத்துக்குப் பெயர் வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆனால் இறந்தவர்களை மட்டும் இன்றைக்கும் ஓடை தாண்டிப் பழைய ஊருக்குத்தான் தூக்கி வருகிறார்கள். அவர் கணவரும் அங்கேதான் இருந்தார், மூன்றாவது குவியலில்.

திரும்ப ஓடையைத் தாண்டும்போதுதான் எனக்குப் புரிந்தது. ஜாகீர்தார்களின் வாய்ப்பேச்சில் இருந்த ஓடை இதுதான், எல்லையும் இதுதான். சேலத்துக் காகிதத்தில் ஊர் அந்தக் கரையில், பழைய இடத்தில் இருந்தது. வந்து பார்த்தவர்கள் ஆளைக் காணாமல் பெயரை அடித்துவிட்டார்கள். தென்னாற்காட்டுக் காகிதத்தில் இந்தக் கரையில் அப்படியோர் ஊர் எப்போதுமே இருந்ததில்லை. இரண்டு பக்கமும் யோக்கியமாகத்தான் நடந்துகொண்டிருக்கிறார்கள். அப்படியானால் நாங்கள் இந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்று அலுவலகத்தில் சொல்லவேண்டியதுதானே என்று கேட்டேன்.

செல்வி வெடித்தாள். "அதான் மேடம் நடக்கல. எந்தப் பக்கம்னு அவங்க கேட்டா எங்கம்மா அந்தக் கரைன்னுதான் சொல்லும். ரெண்டு தடவையும் அதான் சொல்லிச்சி."

"பின்ன இன்னா சொல்றது?" என்றார் மாரியாயி. "நாம அந்தக் கரை நாட்டு ஆளுங்க. திருவிழாவுக்கு அங்கதான் நிக்கிறோம். கல்லு அங்க பொறந்தது. குடிசைய இங்க போட்டா ஆளு மாறிடுமா? சர்க்காரு வூட்ல குந்திக்கினு பொய் சொல்லச் சொல்றியா?"

இந்த மலைக்காரர்களுக்கு ஒருவர் எந்தப் பக்கம் என்பது வீடு இருக்கும் இடத்தைப் பொறுத்தது அல்ல. திருவிழாவில் எந்த நாட்டாரோடு, அதாவது எந்த ஊர்க்கூட்டத்தாரோடு, நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. அதிகாரி மண்ணைக் கேட்டார். மாரியாயி வம்சத்தைச் சொன்னார். அந்த உண்மையான பதிலால் மகளின் படிப்பு அந்தரத்தில் தொங்கியது. செல்வி அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடைத் தண்ணீரில் நின்றாள். நான் எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாமல் நடுவில் ஒரு பாறையில் நின்றேன். இருவர் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது.

கீழே இறங்கியபோது வாரம் முடிய ஒரே நாள் பாக்கி. பேருந்து வந்தது அதிசயம். வழியில் மரம் கிடக்காதது அதைவிட அதிசயம். அலுவலகத்தில் அதிகாரி கிளம்புவதற்குச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். இதற்குள் ஒரு தடவை மரத்துப் பக்கம் போய்வந்திருந்தார், சட்டையெல்லாம் புழுதி. நாங்கள் மூவரும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றோம். நான் பார்த்ததைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, முறைப்படி மாரியாயி பக்கம் திரும்பினார்.

"நீங்க எந்தப் பக்கம்மா?"

செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். மாரியாயி மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு சொல் மாற்றிச் சொல்லிவிடமாட்டாரா என்று நான் பல்லைக் கடித்தேன்.

"அந்தக் கரைங்க" என்றார்.

அதிகாரி கையை விரித்தார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ தெரியாது. "சார், இருங்க. அந்தக் கேள்வி வேண்டாம்" என்று அவரைத் தடுத்துவிட்டு, மாரியாயியிடம் நானே கேட்டேன். "அம்மா, காலையில கஞ்சி காய்ச்சினீங்களே, அந்த அடுப்பு எந்தக் கரையில எரியுது?"

"அது இந்தக் கரை."

"செல்வி பொறந்தது?"

"இந்தக் கரைலதான். புது வூட்ல."

"கல்லு இப்ப எங்க நிக்குது?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "இந்தக் கரைலதான் நிக்கிது. அங்க பொறந்திச்சி, இங்க நிக்கிது."

அதிகாரி செருப்பைக் கழற்றினார். பெரிய மனசு பண்ணித்தான் உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தவர் சுவர்ப் படத்தைத் திரும்பிப் பார்த்து மறுபடி தயங்கினார். நாளைக்கு யாராவது வந்து படத்தில் இல்லாத ஊருக்கு எப்படிக் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்டால்? பிறகு அவருக்கே ஒரு யோசனை தோன்றியது. "படம் உங்களுதுதானே? நீங்களே வச்சிட்டுப் போங்க."

நான் பையிலிருந்து மைப்பேனாவை எடுத்தேன். ஓடையைக் கோடாக இழுத்தேன். அதற்குக் கிழக்கே ஒரு புள்ளி வைத்துக் கடுக்காம்பாடி என்று எழுதினேன். கிழக்குத்தானா என்று செல்வியிடம் ஒரு தடவை கேட்டுக்கொண்டேன். அவள் தலையாட்டினாள். பின்னால் முத்திரை குத்தும் சத்தம் கேட்டது. அவள் சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கி, படித்து, மை காய்வதற்கு ஊதினாள். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழுதது நான்தான்.

மாரியாயி காகிதத்தைப் பார்க்கவில்லை. படத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார். எங்கள் ஊர் எது என்று கேட்டார். காட்டினேன். ஓடை எது என்று கேட்டார். காட்டினேன். பிறகு ஓடைக்கு அந்தப் பக்கம், ஓரத்தில் சேலம் என்று விட்டிருந்த வெறும் மஞ்சள் வண்ணத்தில் தன் விரலை வைத்தார். இடம் ஏறக்குறைய சரியாக இருந்தது.

"இங்கயும் ஒண்ணு வையிம்மா. எங்க வூட்டு ஆளு இங்கதான் கீறாரு."

எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தார். அவர் பிறந்தது திருவிதாங்கூரில், செத்தது தமிழ்நாட்டில். நடுவில் வீட்டைவிட்டு ஓர் அடி நகரவில்லை. எல்லைதான் அவரைத் தாண்டிப் போயிற்று. இவர்களோ எல்லையைத் தாண்டி வந்தவர்கள், ஊரைத் தலையில் தூக்கிக்கொண்டு. வாழ்வது ஒரு மாவட்டத்தில், புதைவது அடுத்த மாவட்டத்தில். அதிகாரி சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்த விரல் இருந்த இடத்தில் பெயர் எழுதாமல் ஒரு சின்னப் புள்ளி வைத்தேன்.

சென்னையில் புதுப் படம் தயாரானபோது இரண்டு மாவட்டமும் ஓடையில் சமர்த்தாக ஒட்டிக்கொண்டன. முதலாளி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். பெயரில்லாத இது என்ன புள்ளி, ஈ எச்சமா, சுரண்டிவிடட்டுமா என்று கேட்டார். அங்கே ஆள் இருக்கிறார்கள் சார், விட்டுவிடுங்கள் என்றேன்.